ஒன்பது வீடுகள்

தன்னை ஜரீனா என்று மட்டுமே அழைத்துக்கொண்ட ஜரீனா ஹாஷ்மி, 1997-இல் தன் வாழ்க்கையை ஒன்பது அச்சோவியங்களாகச் செய்தார். எதிலும் முகம் இல்லை. குடியிருந்த வீடுகளின் தரைவரைபடங்கள் மட்டும். அலிகரில் 1937-இல் பிறந்தவர், கணிதம் படித்தவர். வெளியுறவு அதிகாரியை மணந்து பாங்காக், பாரிஸ், பான் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். (கணவனுக்கு மாற்றல் வந்தால் மனைவிக்குச் சமையலறை மாறும், அதை எந்த அரசுக் கோப்பும் எழுதிவைப்பதில்லை.) பெற்றோர் கராச்சிக்குப் போய்விட, பிறந்த வீடும் கைவிட்டுப் போனது. 1970களின் நடுவில் நியூயார்க் சேர்ந்தார்.

ஓவியராக அவரைக் கொண்டாடுகிறோம். கண்காட்சி அமைத்தவராக அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. பெண்களே நடத்திய ஏ.ஐ.ஆர். கலைக்கூடம் அங்கே 1972-இல் தொடங்கியிருந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். 1980 செப்டம்பரில் அதே கூடத்தில், கியூபாவிலிருந்து வந்த அனா மெந்தியெத்தா, ஜப்பானிலிருந்து வந்த கசுகோ மியமோட்டோ ஆகியோரோடு சேர்ந்து, அமெரிக்காவில் வாழும் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்கள் எட்டுப் பேரின் படைப்புகளை ஜரீனா காட்சிக்கு வைத்தார். தலைப்பு, ‘தனிமையின் இயங்கியல்’. கறுப்பினக் கலைஞர் ஹவர்டீனா பிண்டெலின் காணொளி அங்கேதான் முதலில் திரையிடப்பட்டது. தான் பட்ட இனவெறி அவமானங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பொன்னிற விக் அணிந்த வெள்ளைக்காரியாகவும் அவரே நடித்து, அதையெல்லாம் நம்ப மறுக்கிறார். ‘சகோதரிகள்’ என்று சொல்லிக்கொண்ட இடத்திலேயே இதைக் காட்டத் துணிச்சல் வேண்டும்.

ஒரகடத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். திருப்பெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை திறந்தது, 2014-இல் மூடியது. அந்த எட்டு ஆண்டுகள் அங்கே வேலை செய்த பெண்கள் எந்தெந்த அறைகளில் படுத்து எழுந்தார்கள் என்பதை யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. நல்லதுதான். ஆனால் நம்மிடம் இருப்பது படுக்கைக் கணக்கு.

தெரிந்த பிள்ளைகள் சிலரிடம் ஜரீனாவின் வரைபடங்களைக் காட்டி, இதுவரை இருந்த வீடுகளை வரையச் சொன்னேன். ஒடிசாப் பெண் ஊர் வீட்டைக் கிணறு, மாட்டுக்கொட்டிலோடு தாள் நிறைய வரைந்தாள். இங்கிருக்கும் அறைக்குக் கட்டில், பை மாட்டும் கொக்கி, வாளி; அவ்வளவுதான். விழுப்புரத்துப் பெண் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தையும் வீட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டாள்.

“இதையெல்லாம் எங்கக்கா மாட்டுறது?” என்றாள்.

அவர்கள் விடுதியில் ஆணி அடிக்கக் கூடாது. ஏழு படங்களும் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் இல்லாதவர்கள் வந்து பார்க்கிறார்கள்.