பிள்ளையை ஏசுவதற்கு முன்

2020 கொரோனாக் காலத்தில் எங்கள் வீட்டு ஃபோன்களில் எல்லாம் வைஃபை ஒழுங்காக ஓடியது. மகளின் கம்ப்யூட்டரில் மட்டும் சூம் வகுப்பு அடிக்கடி அறுந்துபோனது. படிப்பைத் தட்டிக்கழிக்கிறாள் என்று நாங்களும் ஏசினோம். பிழை அவளில் இல்லை.

வைஃபை ஓடும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையின் வரலாற்றைப் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு அதைத் தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பும் அதில்தான் இயங்குகிறது. 1985இல் அமெரிக்கா, அனுமதிப்பத்திரம் இல்லாமலே அதில் தகவல் அனுப்ப வழிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: மற்றக் கருவிகளின் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வைஃபையின் முதல் தரநிலை 1997இல் வந்தது. ஆக, நாம் குடியிருப்பது எல்லோருக்கும் பொதுவான வளவில்.

யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புவதை 2012இல் இன்டெல் நிறுவனம் எடுத்துக்காட்டியது. மகளின் வைஃபை டொங்கிளை ஒட்டியே அப்படியான ஹார்ட் டிஸ்க் ஒன்று செருகியிருந்தது. அதைக் கழற்றினோம், வகுப்பு அறுபடவில்லை. பிறகு டொங்கிளை நீள வயர் ஒன்றில் மாட்டித் தள்ளி வைத்தோம்.

ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் கோளாறு என்றால், முதலில் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். நாங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்டோம்.