பானகம், பஞ்ச், அப்புறம் ஒரு பாட்டில் கலர்

போன மே மாசம் டவுண்ல என் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். சமையல் எல்லாம் தவசுப்பிள்ளை பொறுப்பு. வர்றவங்களுக்குக் குடிக்கக் கொடுக்கிறது மட்டும் என் பொறுப்புன்னு ஒதுக்கிட்டாங்க. ஆச்சி காலத்துப் பித்தளை அண்டாவைத் தேய்ச்சு, நன்னாரி சர்பத் கலக்கிக்கிட்டு இருந்தேன். பெங்களூர்ல இருந்து வந்திருந்த தங்கச்சி மகன் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இது ஃப்ரூட் பஞ்ச் தானே?"

"இல்லலே, சர்பத்"னு சொல்லிட்டேன். அப்புறம் யோசிச்சா அவன் சொன்னதும் தப்பில்லை. பஞ்ச்ங்கிற வார்த்தையே இங்க இருந்து போனதுதான்னு சொல்லுவாங்க. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க 1632-ல எழுதின ஒரு கடிதத்துல அந்த வார்த்தை வருது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா - அஞ்சு பொருள், அதனால 'பஞ்ச'. எல்லா மொழி அறிஞர்களும் இதை ஒத்துக்கலை, ஆனா பெரும்பாலானவங்க சொல்ற கணக்கு இதுதான். இங்கிலாந்துக்குப் போய்ப் பெரிய பெரிய கிண்ணத்துல ஊத்தி, கூடியிருக்கிற அத்தனை பேரும் அதுல இருந்து மொண்டு குடிக்கிற விருந்துப் பானமா ஆயிடுச்சு.

இப்ப அதுல சாராயத்தைக் கழிச்சுப் பாருங்க. வெல்லம், எலுமிச்சை, தண்ணி, சுக்கு, ஏலக்காய். நம்ம பானகம் :-)

ஆனித் திருவிழாவுல நெல்லையப்பர் தேர் ரத வீதி சுத்தி வர்றப்போ, வடம் பிடிச்சவங்களுக்குப் பானகமும் நீர்மோரும் கொடுப்பாங்க. சின்ன வயசுல தேரைப் பார்த்ததை விட பானகம் குடிச்சதுதான் எனக்கு அதிகம்.

சர்பத் வேற வழியா வந்தது. அரபியில 'ஷரிப'ன்னா குடிச்சான்னு அர்த்தம். அதுல இருந்துதான் ஷராப், சர்பத் ரெண்டும். ஆங்கிலத்துல சொல்ற சிரப்பும் அதே வேர்தான். பாரசீகம், மொகலாயர் அரண்மனைன்னு சுத்தி நம்மகிட்ட வந்துச்சு. அக்பர் காலத்துல வெடியுப்பு போட்டுத் தண்ணியைக் குளிர வச்சதையும், மலையில இருந்து பனிக்கட்டி கொண்டு வந்ததையும் அபுல் ஃபசல் அயினி அக்பரியில எழுதி வச்சிருக்கார். அந்த சர்பத்துல பழமும் பன்னீரும். நம்ம பக்கம் வந்ததும் நன்னாரி வேர் சேர்ந்துக்கிச்சு. வனிலாவுக்கு மணம் கொடுக்கிற வனிலினும், நன்னாரிக்கு மணம் கொடுக்கிற பொருளும் ஒட்டுறவு. ரெண்டுலயும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அடுக்கி இருக்கிற விதம் மட்டும் வேற.

ஐஸ்? 1833-ல பாஸ்டன்ல இருந்து டஸ்கனிங்கிற கப்பல் ஏரி ஐஸை மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு கல்கத்தாவுக்குக் கொண்டு வந்துச்சு. 1842-ல மெட்ராஸ் கடற்கரையில அந்த ஐஸை வைக்கவே கட்டடம் கட்டினாங்க. இப்ப விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, அந்த ஐஸ் ஹவுஸ்தான். எங்க ஆச்சிக்கு இதெல்லாம் தெரியாது. ஈர மணல்ல உக்கார வச்ச மண்பானைதான் அவளுக்கு ஐஸ் ஹவுஸ்.

அடுத்து வந்தது கலர். 1872-ல கோடுங்கிற இங்கிலாந்துக்காரர் கோலி போட்ட பாட்டிலுக்கு உரிமம் வாங்கினார். உள்ள இருக்கிற வாயு கோலியை மேல தள்ளி, கழுத்துல இருக்கிற ரப்பர் வளையத்தோட ஒட்ட வச்சிடும். மூடியே வேண்டாம். 1916-ல விருதுநகர்ல காளிமார்க் ஆரம்பிச்சாங்க. கோலி சோடாவும் கலரும் தெக்கத்திச் சீமையில விசேஷ வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு.

இந்தக் கலர் விஷயத்துலதான் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு.

தாத்தாவுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. அதைக் குத்தகைக்குப் பார்த்துக்கிட்ட ஒரு பெரியவர் எங்க வீட்டு விசேஷம் எதுக்கும் வராம இருக்க மாட்டார். வாழைத்தாரோடதான் வருவார். வந்து திண்ணையில உக்காருவார். உடனே ஆச்சி என்னைக் கூப்பிடுவா. "எய்யா, வாகையடி முக்குக்கு ஓடிப்போய் ஒரு கலர் வாங்கியா." உள்ள அண்டா நிறைய சர்பத் இருக்கும். எங்களுக்கெல்லாம் அதுதான். அவருக்கு மட்டும் கலர்! எனக்கு அவ்வளவு பொறாமை. நம்ம வீட்டுலயே இவருக்குத்தான் மரியாதை ஜாஸ்தின்னு நினைச்சேன்.

காலேஜ் படிக்கிறப்போதான் உறைச்சது. கலர் மரியாதைக்கு இல்லை. பாட்டில் கடைக்காரனோடது. குடிச்சு முடிச்சதும் கடைக்கே திரும்பிப் போயிடும். எங்க வீட்டுத் தம்ளரை அவர் கையில கொடுக்க வேண்டாம். டீக்கடையில ரெட்டைக் கிளாஸ் வச்சதைப் பத்திப் படிச்சுட்டு ஆவேசப்பட்டவன் நான். எங்க வீட்டுல அதையே ரெண்டணா நாகரிகமா செஞ்சிருக்கோம். அதுக்கு ஓடிப்போய் பாட்டில் வாங்கி வந்ததே நான்தான்.

80-கள்ல ரஸ்னா வந்துச்சு. 5 ரூபாய்க்கு 32 கிளாஸ். அண்டா பரணுக்குப் போச்சு. அப்புறம் 1993-ல கோக் திரும்பி வந்து, பெரிய பிளாஸ்டிக் பாட்டில் பந்தியில வரிசையா நின்னுச்சு. நம்ம கங்கைகொண்டான்லயே, நம்ம தாமிரபரணித் தண்ணியிலயே தயாரானது. 2016 நவம்பர்ல ஆத்துத் தண்ணி எடுக்க மதுரை ஹைகோர்ட் இடைக்காலத் தடை போட்டதும், 2017 மார்ச்ல அந்த வழக்கே தள்ளுபடி ஆனதும் ஞாபகம் இருக்கும். அதே மார்ச்லதான் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. ஆத்துத் தண்ணிக்காக நானும்தான் கோபப்பட்டேன். ஆனா வீட்டுத் தண்ணியை யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கலைங்கிறதை எங்க வீட்டுல யாரும் பேசினதில்லை.

சரி, நிச்சயதார்த்தத்துக்கு வருவோம். அந்தப் பெரியவர் இப்ப இல்லை. அவர் மகன் குடும்பத்தோட வந்திருந்தார். ரிட்டயர்டு வாத்தியார். நானே அண்டாவுல மொண்டு, எங்க வீட்டு எவர்சில்வர் தம்ளர்ல கொடுத்தேன். குடிச்சார். இன்னொன்னு கேட்டு வாங்கிக் குடிச்சார். அப்புறம் சொன்னார்:

"அப்பா சொல்லுவாங்க. உங்க வீட்டு நன்னாரி வாசம் தெருமுக்கு வரைக்கும் வருமாம். ருசி எப்படி இருக்கும்னு மட்டும் தெரியலைன்னு."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் பதில் வரலை.

செய்முறை கேக்கிறவங்களுக்காக, 50 பேருக்கு: தண்ணீர் 7 லிட்டர், நன்னாரி சிரப் 1 லிட்டர், எலுமிச்சம்பழம் 20, உப்பு 1 ஸ்பூன், சப்ஜா விதை 3 ஸ்பூன் (ஊற வச்சது), பொடியா நறுக்கின அன்னாசி 1, மாதுளை 4, நுங்கு 30 சுளை. எலுமிச்சையை ஒட்டப் பிழியாதீங்க, தோல் கசப்பு இறங்கிடும். சர்பத்துல கொஞ்சம் எடுத்து முதல் நாளே ஃப்ரீசர்ல கட்டியாக்கி வச்சுப் போட்டா, கரையக் கரைய தண்ணியாகாது. நுங்கு கடைசியில.

இன்னொன்னு. தம்ளர் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். பேப்பர் கப் வேண்டாம்.