நிர்பயா நிதிக்கு முன்பே எழுதப்பட்ட விதி 11

பழவேற்காடு ஏரியில் யார் எங்கே வலை போடலாம் என்பதைத் தீர்மானிப்பது ‘பாடு’ முறை. பட்டினவர் குப்பங்களின் ஆண்களுக்கு வழிவழியாக வரும் உரிமை அது. தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அதில் பங்கில்லை. இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஒருநாள் இறங்காவிட்டால் அன்று அடுப்பு எரியாது.

அப்படி ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால்? காவல் நிலையம், மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம், பிறகு ஆண்டுக்கணக்கில் வாய்தா. ஒவ்வொன்றுக்கும் பேருந்துக் காசு வேண்டும். ஒவ்வொன்றும் ஒருநாள் பிழைப்பைத் தின்னும். எதிர்த்தரப்பு காத்திருப்பதே இதற்குத்தான்: கையில் காசில்லாமல் அவளே சமாதானத்துக்கு வந்துவிடுவாள் என்று.

அரசு நெடுங்காலம் இதைத் தன் செலவாகக் கருதவே இல்லை. 1972இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிப் பெண் காவல் நிலையத்திலேயே வன்கொடுமைக்கு ஆளானார். 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தால் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. தண்டனை கூடியது. பாதிக்கப்பட்டவளின் மருந்துக்கும் வழிச்செலவுக்கும் அதில் வழியில்லை.

அந்த வழியைத் திறந்தது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், அதற்காக 1995இல் வந்த விதிகளும்தான். விதி 11ஐப் படித்துப் பாருங்கள் தோழர்களே. விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரும் செலவை அரசு தரவேண்டும். ஊரைவிட்டு வந்திருக்கும் நாட்களுக்கு, விவசாயக் கூலிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத பராமரிப்புப் படி தரவேண்டும். மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, மாற்று உடை வரை அதில் உண்டு. இவை தவிர விதி 12(4)இன்படி தீருதவித் தொகை தனி. 2016 திருத்தத்தின்படி பாலியல் வல்லுறவுக்கு அது 5 லட்சம் ரூபாய்: மருத்துவ அறிக்கைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் கால், விசாரணை முடிந்ததும் கால்.

டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு, 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி வந்தது. அதிலிருந்து 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன. எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தரவேண்டும் என்பதும் 2013இல் சட்டமானது. எல்லாப் பெண்களுக்கும் வேண்டியவை இவை. ஆனால் நிதி என்பது ஒதுக்கீடு, செலவழிக்காமலும் கிடக்கும். விதி என்பது கடன். கேட்டு வாங்கலாம்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று 18 பழங்குடிப் பெண்களை வல்லுறவு செய்தவர்கள் அரசு ஊழியர்கள். ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 செப்டம்பர் 29 அன்று. 31 ஆண்டுகள்! அதுவும் அந்த மக்கள் விடாமல் போராடியதால்.

ஆகவே பாதிக்கப்பட்ட பெண்ணோடு காவல் நிலையம் போகும்போது விதி 11ஐயும் எடுத்துச் செல்லுங்கள். படிக்கான மனுவை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டிய மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழு அந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது என்று சொல்லட்டும். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேளுங்கள். வழக்கு நிலைப்பது முதலில் அவள் வீட்டு அடுப்பு எரிவதில்தான்.

ஜெய்பீம்.