கோப்பி மேசையின் கால்கள்

வரவேற்பறைக் கதிரைகளுக்கு நடுவே நிற்கும் குட்டை மேசையைக் 'கோப்பி மேசை' என்கிறோம். அதில் நாம் வைப்பதோ தேநீர்! கண்டியில் இது வெறும் வேடிக்கையன்று. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய், இருபதாண்டுகளுக்குள் இம்மலைகளின் கோப்பித் தோட்டங்களை ஏறக்குறைய அழித்துவிட்டது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. பட்டுப்போன கோப்பி மரங்களின் பட்டையை உரித்து, தேநீர் மேசைகளுக்குக் கால்களாக்க இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள் என்று தோட்ட வரலாறுகள் கூறுகின்றன.

அந்தத் தோட்டங்களில் உழைக்கவென்று கடல் கடந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள் நம்மவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். மரக்கால்கள் போய்ச்சேர்ந்த இடம் ஏட்டில் இருக்கிறது. இவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கூட இல்லை.