தெய்வமாடலும் மூளை ஆராய்ச்சியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, கல்முனை வீதியில் தெற்கே செல்வோர்க்கு நாவற்குடா வெகு தொலைவன்று. ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல், இடையே மணல் நிலம். எழுவான்கரை ஊர்களின் பொதுத் தோற்றம் இது. வைகாசி பிறந்ததும் இக்கரையெங்கும் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்குக் காலம் தொடங்குகிறது. கதவு திறந்து, மடை வைத்து, குளிர்த்தி பாடி முடிக்கும் வரை உடுக்கும் பறையும் ஓய்வதில்லை. கூட்டத்தில் நின்ற ஒருவரின் உடல் நடுங்குகிறது, குரல் மாறுகிறது, கையில் வேப்பிலை ஏறுகிறது. சற்று முன்வரை அயல் வீட்டுக்காரியாய் இருந்தவளை ஊரார் 'தாயே' என்று விளித்து, தம் குறைகளைச் சொல்லி வாக்குக் கேட்கின்றனர்.

இக்காட்சிக்குப் பழைய விளக்கம் ஒன்றுண்டு: அம்மன் வந்தாள். அண்மைக் காலத்தில் படித்த இளைஞரிடையே புதிய விளக்கம் ஒன்று பரவி வருகிறது: மூளையின் ஒரு பகுதியை மின்சாரத்தால் தீண்டினால் கடவுள் தோன்றுவார், ஆகவே கடவுள் என்பது மூளையின் கோளாறு, ஆகவே தெய்வமாடுவோர் நோயாளர். மூட நம்பிக்கையின் பகைவர் என்ற முறையில் இரண்டாவது விளக்கத்தை வரவேற்க நாம் கடமைப்பட்டவர் போலத் தோன்றலாம். எனினும் விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படுவது அனைத்தும் விஞ்ஞானம் ஆகிவிடாது. இவ்வாராய்ச்சி எவ்வாறு வளர்ந்தது, எதனை நிலைநாட்டியது, எங்கே நின்றுவிட்டது என்பதை வரலாற்று முறையில் நோக்குதல் வேண்டும்.

வலிப்பு நோயைத் தெய்வ நோய் என்று கிரேக்கர் அழைத்த காலத்தில், ஏனைய நோய்களைக் காட்டிலும் அதில் தெய்வத்தன்மை எதுவுமில்லை, அதன் இருப்பிடம் மூளையே என்று வாதித்த நூல் ஒன்று இப்பொக்கிரத்தீசு மரபில் தோன்றியது. இற்றைக்கு ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. ஆயினும் உயிருள்ள மூளையை மின்னால் தீண்டித் தெளிவான விடை காண 1870 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் பெர்லினில் பிரிட்சு, ஹிட்சிக் என்னும் இருவர் நாயின் மூளைப்புறணியில் மின் செலுத்தி, ஒரு புறத்தைத் தொட்டால் மறுபுறக் கால் அசைவதைக் கண்டனர்.

நாய்க்கு அடுத்துக் கிடைத்தவள் ஒரு வேலைக்காரி. 1874-இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகர வைத்தியசாலைக்கு மேரி ராபர்ட்டி என்னும் முப்பது வயதுப் பெண் வந்தாள். தலைத்தோலில் உண்டான புற்றுப்புண் மண்டையோட்டை அரித்து, மூளை வெளியே தெரியும் நிலை. ரொபேர்ட்ஸ் பார்த்தலோ என்னும் வைத்தியர் அப்பெண்ணின் மூளைக்குள் ஊசிகளைச் செருகி மின் செலுத்தினார். முதலில் கை கால்கள் அசைந்தன, அவள் புன்னகைத்தாள். விளைவு போதவில்லை என்று கருதி வைத்தியர் மின்னோட்டத்தைக் கூட்டினார். அவள் அழத் தொடங்கினாள், வலிப்புக் கண்டது, நினைவிழந்தாள். சில நாட்களில் இறந்தாள். அமெரிக்க வைத்தியச் சங்கம் பார்த்தலோவைக் கண்டித்தது. எனினும் அவர் வெளியிட்ட கட்டுரை மூளையியல் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. செல்வர் வீட்டு மகள் ஒருத்தியின் தலையில் அவர் இவ்வூசியைச் செருகியிருப்பாரா என்று கேட்காமல் இவ்வரலாற்றைக் கடந்து செல்ல நம்மால் இயலவில்லை.

இதற்கு நேர்மாறான மனிதர் மொன்றியல் நகரின் வைல்டர் பென்பீல்ட். 1934-இல் அங்கு நரம்பியல் நிலையம் ஒன்றை நிறுவிய இவர், மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளர்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர். மூளைக்கு வலியுணர்ச்சி இல்லை. ஆதலால் தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறக்கலாம். வலிப்பு எங்கே பிறக்கிறது, எப்பகுதியை வெட்டினால் பேச்சுக் கெடும் என்று அறிவதற்காக அவர் மெல்லிய மின்முனையால் மூளையை அங்கங்கே தொட்டு, நோயாளியிடமே கேட்டறிந்தார். காதின் அருகேயுள்ள பொட்டு மடலைத் தொட்டபோது சிலர் பாட்டுக் கேட்டனர். சிலர் தாயின் குரலைக் கேட்டனர். சிலர் பழைய தெருவொன்றில் நிற்பதாக உணர்ந்தனர். கேட்பவர் உள்ளம் சிலிர்க்கும் செய்திதான். ஆனால் 1963-இல் பென்பீல்டும் பெரோவும் வெளியிட்ட கணக்கைச் சொல்வோர் குறைவு. பொட்டு மடல் தொடப்பட்ட 520 பேருள் இத்தகைய அனுபவம் பெற்றவர் 40 பேரே. ஏனையோர்க்குத் தாயும் வரவில்லை, தெருவும் வரவில்லை. ஒரு மனிதனை நம்பச் செய்யவோ தீர்மானிக்கச் செய்யவோ கூடிய இடம் எதனையும் மூளைப்புறணியில் தாம் காணவில்லை என்று பென்பீல்ட் தம் இறுதிக் காலத்தில் எழுதினார். அவர் உடல் வேறு, உள்ளம் வேறு என்ற கொள்கையில் போய்ச் சேர்ந்தார். அம்முடிபை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் தாம் கண்டதற்கு மேல் சொல்லாத அவருடைய நேர்மையை மதிக்கிறோம்.

அந்த நேர்மை பின்வந்தோர் எல்லோரிடமும் இல்லை. கனடாவின் சட்பரி நகரில் மைக்கேல் பெர்சிங்கர் 1980-களிலிருந்து ஒரு தலைக்கவசத்தைப் பயன்படுத்தினார். வலுக்குறைந்த காந்தப்புலத்தைப் பொட்டு மடலுக்குச் செலுத்தினால், அருகே யாரோ இருப்பதான உணர்வு பெரும்பாலார்க்கு உண்டாகிறது என்றார். பத்திரிகைகள் இதற்குக் 'கடவுள் கவசம்' என்று பெயரிட்டன. 2003-இல் தொலைக்காட்சிக்காக இதனை அணிந்த ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்னும் நாத்திகருக்குக் கடவுள் காட்சி தரவில்லை. சுவீடனில் கிராங்விஸ்ட் குழுவினர் 89 பேரைக் கொண்டு, காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது அணிந்தவர்க்கும் சோதித்தவர்க்கும் தெரியாத வகையில் இதே சோதனையை நடத்தி, 2005-இல் முடிவை வெளியிட்டனர். காந்தத்தினால் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. பிறர் சொல்வதை எளிதில் உள்வாங்கும் இயல்புடையோர், காந்தம் ஓடாதபோதும் ஏதேதோ உணர்ந்தனர்! எதிர்பார்ப்புச் செய்த வேலையைக் காந்தத்தின் கணக்கில் எழுதியிருந்தார்கள் போலும்.

சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியில் பயின்ற நம்மவர் வி. எஸ். இராமச்சந்திரன் இவரினும் நிதானமானவர். பொட்டு மடல் வலிப்புடைய சிலரிடம் சமயச் சொற்கள் தோலின் மின்கடத்தலை மிகுவிக்கின்றன என்று 1997-இல் அவர் குழு அறிவித்தது. சோதிக்கப்பட்டோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். இதனால் கடவுளின் உண்மையோ இன்மையோ தீர்மானமாகாது என்றும் அவரே எழுதினார். இவ்வெச்சரிக்கையைச் செய்தித்தாள்கள் கைவிட்டு, 'மூளையில் கடவுள் பகுதி' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டன.

மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் நீரடியிலிருந்து எழும் இசையை 1848-இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் தம் நூலில் விவரித்துள்ளார். தோணியின் மரத்தில் காதை வைத்தால் ஓசை தெளிவாகும். மீன் பாடுகிறது என்பார் சிலர். ஊரி குழறுகிறது என்பது அக்கால மீனவர் சொன்ன விடை. விடை எதுவாயினும், மரத்தின் வழியாகக் கேட்பதால் ஓசை மரத்திலேயே பிறக்கிறது என்று எந்த மீனவரும் சொன்னதில்லை. மூளையின்றி அம்மனைக் காண்பார் இல்லை. மூளையின்றிப் புளியமரத்தைக் காண்பாரும் இல்லை. அம்மனை மூளைக்கு அப்பாலிருந்து அனுப்புவது எது என்பதே கேள்வி. விண்ணுலகு என்பர் பக்தர். மூளைக்கு அப்பால் எதுவுமில்லை என்பர் கவசக்காரர். அப்பால் இருப்பது சமுதாயம் என்பது நம் கருத்து.

இதனை ஐயுறுவோர் பறையோசையை எடுத்துக்கொள்ளட்டும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான நேஹர், மேளத்தின் சீரான தாளம் மூளையின் மின்னலைகளைத் தன் வழிக்கு இழுப்பதாலேயே ஆவேசம் உண்டாகிறது என்று எழுதினார். அவ்வாறாயின் ஆபிரிக்காவின் பாதிப்பேர் ஆண்டு முழுவதும் ஆவேசத்தில் இருக்கவேண்டுமே என்று பிரெஞ்சு இசையறிஞர் ரூஷே பின்னர் நகையாடினார். எழுவான்கரைக்கு இவ்விடை சாலப் பொருந்தும். சடங்குக் களரியில் நிற்போர் அனைவர் காதிலும் விழுவது ஒரே பறை, ஆடுவோர் சிலரே. அதே பறை சாவீட்டில் முழங்கும்போது எவர்மேலும் அம்மன் இறங்குவதில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற விழாவில் பாவாமார் றபான் ஒலிக்க றாத்திபு நடத்தித் தம்மை மறக்கின்றனர். அவர்கள் கண்ணகையைக் காண்பதில்லை. தமிழ்ப் பெண்ணின் மூளைக்கும் முஸ்லிம் பாவாவின் மூளைக்கும் அமைப்பில் வேறுபாடில்லை. யார் வரவேண்டும், எப்போது வரவேண்டும், வந்தவர் என்ன மொழியில் பேசவேண்டும் என்பவற்றை ஊர் பல தலைமுறையாகக் கற்பித்து வந்துள்ளது.

இலங்கையில் இவ்வுண்மையின் ஒரு பகுதியைத் துணிவுடன் கூறியவர் டாக்டர் ஏப்ரகாம் கோவூர். கேரளத்தில் 1898-இல் ஒரு கிறித்தவக் குருவின் மகனாய்ப் பிறந்து, 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராய் வந்து, பின்னர் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராய் 1978 வரை வாழ்ந்தவர். அற்புதம் செய்து காட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபா என்ற அவருடைய அறைகூவலை எவரும் வெல்லவில்லை. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட வீடுகளுக்குச் சென்று, அவ்வீட்டின் அடக்குமுறையையும் மனப்புண்ணையும் கண்டறிந்து பலரை மீட்டார். கவசக்காரர்க்கு இல்லாத ஒரு நுட்பம் அவரிடம் இருந்தது. மண்டைக்குள் பார்ப்பதற்கு முன் வீட்டுக்குள் பார்த்தார். ஆனால் ஒரு மாவட்டமே நோய்வாய்ப்படும் நாளை அவர் காணவில்லை.

அந்த நாள் 1990-இல் வந்தது. ஆகத்து 3 அன்று, நாவற்குடாவுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேரை இராணுவத்தினர் ஏற்றிச் சென்றனர், அவர்கள் திரும்பவில்லை. ஊர்தோறும் மகனைத் தேடும் தாய்மார் தோன்றினர். முகாமிலே கேட்டால் இல்லை என்றார்கள். அயலிலே பேசினால் யார் காதில் விழுமோ என்ற அச்சம். இக்காலத்தில் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், இத்தாய்மார் வாக்குச் சொல்வோரை நாடிச் சென்றதை 1997-இல் முடித்த ஆய்வில் பதிந்துள்ளார். என் பிள்ளை இருக்கிறானா என்பதே அவர்தம் கேள்வி. தெய்வமாடியவள் சில வேளை அப்பிள்ளை பட்ட அடியைத் தன் உடலில் வாங்கித் துடித்தாள். வெளியே சொன்னால் உயிர்போகும் செய்தி, அம்மனின் வாயால் சொல்லப்பட்டபோது ஊரார் கூடிநின்று கேட்டு அழ முடிந்தது. தீமிதிப்பில் இறங்குவோர் தொகையும் அவ்வாண்டுகளில் பெருகியது.

இவர்களையா நாம் நோயாளர் என்பது? மூளையில் எந்த மடல் அப்போது கிளர்ந்தது என்று அளந்தறியும் கருவி நாளை வரலாம், வரட்டும். வந்தாலும், அம்மடல் ஏன் 1990-க்குப் பின் இத்தனை பெண்களிடம் ஒருங்கே கிளர்ந்தது என்பதற்கு அக்கருவி விடை தராது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். காக்கை வலிப்புக் கண்ட பிள்ளையைப் பேயோட்டியிடம் கொண்டுசென்று பிரம்படி வாங்கிக் கொடுப்பதை நாம் ஒருகாலும் ஆதரியோம். அப்பிள்ளைக்கு வேண்டியது வைத்தியசாலை. பென்பீல்டின் கலை அதற்கே பிறந்தது. வாக்குச் சொல்வோருள் தாயின் துயரைக் காசாக்கியவர் இருந்திருப்பர். இறந்த மகனை இருப்பதாகச் சொன்ன வாக்கு எத்தனை ஆண்டு வீண் நம்பிக்கையை வளர்த்திருக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் தாயைப் பொய் வாக்கிடம் அனுப்பியது அவளுடைய பொட்டு மடல் அன்று. மெய்யைச் சொல்லக் கடமைப்பட்டோர் வாய் திறக்காதிருந்தனர். 1994-க்குப் பின் ஆணைக்குழுக்கள் அமைந்தன; 2016-இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. தாய்மார் அங்கும் வரிசையில் நின்று, பெயரும் வயதும் கொண்டுபோன நாளும் சொல்லிப் பதிந்தனர். அவர்களிற் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டனர். எஞ்சியோர் வைகாசியில் இன்னமும் கோயிலுக்குப் போகின்றனர்.