ஓர் எழுத்தை மீட்டவர்: ஹகீம் ஒலாஜுவான்

அகீகா கொடுத்து, பொருள் அறிந்து ‘ஹகீம்’ என்று நாம் சூட்டிய பெயர், திருச்சியில் ரேஷன் அட்டையிலோ ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூடப் பதிவேட்டிலோ ‘அக்கீம்’ என்று ஏறிவிடுவது புதிதன்று. நம்மில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதுமில்லை. அமெரிக்கக் கூடைப்பந்தின் உச்சியில் இருந்த ஒருவர் பொருட்படுத்தினார்.

அவர் 1963ஆம் ஆண்டு நைஜீரியாவின் லாகோஸ் நகரில், யொரூபா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் சிமெண்ட் வணிகம் செய்தனர். இளமையில் அவர் கால்பந்தில் கோல் காப்பாளர். லாகோஸின் முஸ்லிம் ஆசிரியர் கல்லூரியில் படிக்கும்போதுதான் கூடைப்பந்து அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஏழடி உயரமும், கோல் காப்பாளருக்குரிய கால் வேகமும் ஒருவரிடமே அமைந்தது அல்லாஹ்வின் அருட்கொடை. 1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் சென்றார். 1984இல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி முதல் ஆளாக இவரையே எடுத்தது. மைக்கேல் ஜோர்டான் அவ்வரிசையில் மூன்றாமவர்.

அமெரிக்காவில் அவர் பெயரின் முதலெழுத்து உதிர்ந்து ‘அகீம்’ என்றே வழங்கியது. பணமும் புகழும் பெருகிய அந்நாட்களில் மார்க்கப் பேணுதல் தளர்ந்திருந்தது. 1980களின் பிற்பகுதியில் ஹூஸ்டன் பள்ளிவாசலோடு தொடர்பு ஏற்பட, தொழுகையும் குர்ஆனும் அவர் வாழ்வின் நடுவிடத்திற்கு வந்தன. 1991 மார்ச்சில், பெயரை ‘ஹகீம்’ என்று எழுதுமாறு அறிவித்தார். அதை மாற்றம் என்று அவர் கூறவில்லை, திருத்தம் என்றார். ஞானமுடையவன் என்னும் பொருள் தரும் அச்சொல், ‘அல்ஹகீம்’ என்று இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாகவும் இருப்பதை நாம் அறிவோம்.

1994இலும் 1995இலும் ராக்கெட்ஸ் அணி வாகை சூடியது. 1994இல் ஆண்டின் மிகச் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதிப் போட்டித் தொடரின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் அவரே பெற்றார். எதிரணியினர் எறிந்த பந்துகளில் 3,830ஐ அவர் தடுத்திருக்கிறார். இன்றும் அது முறியடிக்கப்படாத சாதனை.

தொழுததால்தான் கோப்பை கிடைத்தது என்று சிலர் பேசக் கேட்கிறோம். அப்படிச் சொல்வது முறையன்று. 1995க்குப் பின் ராக்கெட்ஸ் அணியுடன் அவருக்கு வாகை கிட்டவில்லை. தொழுகையை அவர் விட்டுவிடவுமில்லை. வணக்கம் வெற்றிக்கு ஈடாகக் கொடுக்கும் விலையன்று.

அண்ணா ஸ்டேடியத்துக்குப் பயிற்சிக்குச் செல்லும் நம் மாணவர் சிலர், “ஹஜ்ரத், போட்டி நாளில் நோன்பை விட்டுவிடலாமா?” என்று கேட்பதுண்டு. பிள்ளையின் நோன்பு தவறிவிடுமே என்று அஞ்சி, விளையாட்டையே தடுத்துவிடும் தந்தையரும் உண்டு. இரு சாராரும் 1995 பிப்ரவரியை நோக்கட்டும். அம்மாதம் ஏறத்தாழ முழுவதும் ரமளான். ஹகீம் நோன்புடன் இருந்தார். ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில், இஃப்தாருக்குப் பின் நடந்தன. பகல் ஆட்டங்களில் ஒரு மிடறு நீரும் அருந்தாமல் ஆடினார். அந்த பிப்ரவரியின் சிறந்த வீரர் விருது அவருக்கே வழங்கப்பட்டது. பயணிக்கு நோன்பைத் தள்ளிவைக்கக் குர்ஆன் சலுகை அளித்துள்ளது. அதை மறுக்க இவரை நாம் சான்று காட்டவில்லை. உள்ளூரில் நலமாக இருப்பவர் நோன்பை எளிதாகக் கைவிடுவதற்கே இவர் விடை.

பொருளாதாரத்திலும் அவர் பேணுதல் உடையவராயிருந்தார். மற்ற நட்சத்திரங்களின் பெயரில் காலணிகள் நூறு டாலருக்கும் மேல் விற்றபோது, எளிய குடும்பங்களுக்கும் எட்டும் விலையுள்ள காலணிக்கே தம் பெயரைத் தந்தார். ஆட்டத்தில் ஈட்டியதை நிலத்திலும் கட்டிடத்திலும் இட்டார். வட்டிக்குக் கடன் வாங்காமல், முழுத்தொகையும் ரொக்கமாகக் கொடுத்தே வாங்கினார். அவற்றுள் ஒன்று, ஹூஸ்டன் நகரின் நடுவே 1928இல் வங்கிக்காக எழுப்பப்பட்ட, கல்தூண்கள் கொண்ட மாளிகை. 1994இல் அதை வாங்கி, இஸ்லாமிய தஃவா மையமாக மாற்றினார். 2002இல் அது திறக்கப்பட்டது. வட்டிக் கணக்கு எழுதிய அந்த மண்டபம் இப்போது தொழுகைக் கூடம்.