இளமகன்

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, கார்த்திகைத் தீபக் கூட்டத்தில், மாடவீதிக் கடையொன்றில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். பல மாதங்கள் அது என் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் கிடந்தது. யாரையும் குத்தும் உத்தேசம் இல்லை. அடுத்த தெருப் பையன்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களும் எங்களைப் பற்றி அப்படியே கேள்விப்பட்டிருப்பார்கள். பயம் என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்று அதற்கு வீரம் என்று பெயர். அந்தப் பெயரை எனக்குத் தந்தவர்கள் தமிழ் வகுப்பும் மேடைப் பேச்சும்.

கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் 'வீரயுகம்' என்பது ஒரு சமூகக் கட்டத்தைக் குறிக்கும் சொல்; கிரேக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஒரு கருவி. நாம் அதைப் பரம்பரைக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டோம். புறநானூற்றின் 279ஆம் பாட்டில், முன்பே இரண்டு ஆண்களைப் போரில் இழந்த பெண் பறையொலி கேட்டதும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவி வேலைக் கையில் தருகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் அதைப் பெருமையாகச் சொன்னாரா, திகைப்போடு சொன்னாரா என்பது எனக்கு இன்னும் தீராத விஷயம். மேடைக்கு அந்தச் சந்தேகமே எழுந்ததில்லை. தாயைப் பார்த்துக் கைதட்டினோம். பையன் அந்தப் பாட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் ஊருக்கு மேற்கே செங்கம் பகுதி நடுகற்கள் நிறைந்த பூமி. நாகசாமி பதிப்பித்து அரசுத் தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதியை, வங்கியில் கூட்டம் குறைந்த மத்தியானங்களில் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். கற்களின் வாசகம் பெரும்பாலும் ஒரே வரிசையில் போகிறது: முதலில் அரசனின் ஆட்சியாண்டு, அடுத்து அவனுக்குக் கீழ்ப்பட்ட தலைவன், கடைசியில் செத்தவன். சண்டை பெரும்பாலும் மாட்டுக்காக. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். வாண அரசரின் உறவினர் பொற்றொக்கையார். அவருடைய இளமகன் கருந்தேவக்கத்தி. எருமைகளைக் காக்கப் போய் மாண்டான். கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது. அதற்கும் கல்லில் உருவமும் பெயரும் உண்டு. (அவன் பெயரின் முடிவில் கத்தி இருப்பதை நான் பெரிதுபடுத்தமாட்டேன்.)

இளமகன் என்றால் சேவகன், போர்வீரன் என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் சொல் தன் இளமையை விடவில்லை. ஐம்பது வயதானாலும் ஆபீஸில் 'பையன்' என்று கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி. ஆங்கிலத்தில் காலாட்படைக்கு வழங்கும் 'இன்ஃபன்ட்ரி' என்ற சொல்லும் இத்தாலியில் இளைஞனைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். ஆயுதம் பிடிக்கிறவனை மொழிகள் யாரோ ஒரு பெரியவருடைய பையனாகவே வைத்திருக்கின்றன.

1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, டிசம்பர் 1ஆம் தேதி, கம்பெனி தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. கோட்டைகளை இடித்தார்கள், துப்பாக்கிகளைப் பிடுங்கினார்கள். முள் வெட்டவும் வாழை சாய்க்கவும் வேண்டிய அரிவாளை யார் பிடுங்குவது? தலைவனுக்காக இறங்கும் பழக்கத்தையும் பிடுங்க முடியவில்லை.

அந்தப் பாளையங்கள் இருந்த திருநெல்வேலிச் சீமையில், 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் அவர்கள் செய்த கொடுமையை அவன் புகாராக எழுதிக் கொடுத்திருந்தான். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மணிக்கட்டில் சாதிநிறக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. கயிற்றைப் பற்றிப் பேசியதற்காகக் குழுவைத் திட்டியவர்கள் பெரியவர்கள். பாட்டின் தாயாவது மகனை அனுப்புவது தான்தான் என்று மறைக்கவில்லை. நம் பெரியவர்கள் சாதியை ஊட்டிவிட்டு, வெட்டு விழுந்ததும் 'சின்னப் பசங்க' என்கிறார்கள்.

சென்னையில் சாதி இல்லாமலும் இது நடக்கிறது. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் ஓடும் பஸ்ஸில் பட்டாக்கத்தியோடு ஏறியவர்கள் வெட்டியது தங்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்களையேதான். 'ரூட்டு தல' யார் என்பதில் தகராறு. ஒரு பஸ் தடத்துக்குத் தலைவன்! சிரிப்பதற்குமுன், எருமை மந்தை அதைவிட எவ்வளவு பெரிது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பையன், ஒன்பதாம் வகுப்பு, எடுத்தனூர்க் கல்லின் படத்தை என் மேஜையில் பார்த்தான்.

"இவருக்கு என்ன வயசு சார்?"

தேடினேன். அரசனின் ஆண்டு 34 என்று இருந்தது. இவன் வயது இல்லை. அதற்குள் அவன் நாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.